எவோராவில் விட்டுவந்த பைல்

போன ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் நின்ற ஒருவர் தன்னுடைய சப்பாத்தை மாட்டியபடி கேட்டார்.

"அண்ணை, நீங்கள் போர்த்துக்கல் போய் வந்தனீங்களாம், உண்மையே?"

"ஓம், மே மாதம் போய் வந்தனாங்கள்."

"எங்கடை கோயிலை இடிச்சவங்களின்ரை நாட்டையோ போய்ப் பாத்தனீங்கள்? வேறை நாடே கிடைக்கேல்லை?"

நான் வாயைத் திறக்கமுதல் மனிசன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் பலருக்குக் கேள்வி கேட்பதுதான் வேலை, பதில் கேட்க நேரமில்லை. எனக்கென்ன... கிழமைக்கு ஒருதரம் எழுத இந்தப் பத்திரிகையில் இடம் இருக்கிறது. இங்கே சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வேன்?

ஏன் போனோம்? அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடத்துக்கு முன் கனடாவில் வந்து இறங்கியபோது, பார்க்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்தான் எங்கள் முதல் விலாசம். வீட்டுக்காரர் ஒரு போர்த்துக்கேயர். மனுவல் என்று பெயர். பனிக்கு எந்தச் சப்பாத்து வழுக்காது, எந்தக் கடையில் மீனைத் தலையோடு தருவார்கள் என்று எல்லாம் சொல்லித் தந்தவர் அவர்தான். பிறகு நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடிக்குக் குடிபோய்விட்டோம். ஆனாலும் மனுவலின் தொடர்பு விடவில்லை. காணும்போதெல்லாம் ஒரே பாட்டு — "என்னுடைய ஊரைப் பார்க்காமல் செத்துப்போகாதே."

இந்த வருடம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மகனும் மகளும் மனுவலோடு கூட்டுச் சேர்ந்து, எங்களைக் கேட்காமலே ரிக்கற் எடுத்துத் தந்துவிட்டார்கள். எட்டுப் பேர், ஒரு வான், ஒரு வழிகாட்டி. லிஸ்பனில் ஏறி, பழைய ஊர்களை எல்லாம் பார்த்துக்கொண்டு, போர்ட்டோவில் இறங்குவது. பத்து நாள்.

பெரிய பஸ்ஸில் ஐம்பது பேரோடு போவது ஒரு சுகம். யார் எவர் என்று தெரியாது. எட்டுப் பேர் வானில் போவது அப்படியல்ல. இரண்டாம் நாளே யார் குறட்டை விடுவார், யார் பிந்தி வருவார், யாருக்கு எந்தக் கால் நோகும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். புருசன் பெண்சாதி சண்டை பிடிப்பதென்றால் தமிழில்தான் பிடிக்கவேண்டும். அந்த வசதி எங்களுக்கு இருந்தது.

இனி, பைலுக்கு வருகிறேன்.

என் மனைவி மலரிடம் ஒரு பச்சைப் பைல் இருக்கிறது. எலாஸ்ரிக் பட்டி போட்டது, மொத்தமானது. பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, பிள்ளைகளின் தடுப்பூசிக் காட்டுகள், கனடாவில் இறங்கியபோது தந்த பத்திரங்கள், ஊர்க்காணியின் உறுதி... எல்லாம் அதற்குள்தான். சந்தைக்குப் போனாலும் அது தோளில் தொங்கும் பைக்குள் இருக்கும். எங்கள் கட்டடத்தில் பயர் அலாம் அடிக்காத கிழமை இல்லை. யாரோ ரோஸ்ரரில் பாணைக் கருக்கியிருப்பார்கள். சனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும், பூனையைத் தூக்கிக்கொண்டு இறங்கும். மலர் பதினேழு மாடியும் பைலோடு இறங்குவாள்.

இந்தமுறை அந்தப் பைலுக்குள் ஒரு கடதாசிக்குத் தனி மவுசு. மலரின் அம்மாவை — என் மாமியை — கனடாவுக்குக் கூப்பிட நாங்கள் ஸ்பொன்சர் செய்திருந்தோம். மனுசி கொழும்பில் ஒரு வாடகை அறையில் மூன்று வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்பட இரண்டு கிழமைக்கு முன்னர்தான் இன்டர்வியூக் கடிதம் வந்தது. தாய்க்கும் மகளுக்கும் உள்ள உறவைக் காட்ட மூலப் பத்திரம் வேண்டும், போட்டோக்கொப்பி சரிவராது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதாவது மலரின் பிறப்புச் சான்றிதழ். யாழ்ப்பாணத்தில் எடுத்தது. சண்டை தொடங்கினபிறகு இன்னொரு பிரதி கேட்டு இரண்டு கடிதம் போட்டோம். பதிலே இல்லை. இவர்தான் இவளுடைய அம்மா என்று சொல்ல, எங்களிடம் இருந்தது அந்த ஒரு கடதாசிதான்.

அப்படியென்றால் அதை ஏன் போர்த்துக்கலுக்குக் காவிக்கொண்டு போனீர்கள்? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கேட்டேன்.

"பின்னை எங்கை வைச்சிட்டுப் போறது?" என்றாள் மலர்.

"பாங்க் லொக்கரிலை வையும்."

"பாங்க் எரிஞ்சால்?"

"மகளிட்டைக் குடும்."

"அவள் வருசத்துக்கு ரெண்டு வீடு மாறுறவள். போய் வந்து கொழும்புக்குப் போற ஆரிட்டையும் குடுத்து விடுவம். அதுவரைக்கும் என்ரை பையுக்கை கிடக்கட்டும்."

இதற்கு மேல் வாதாட முடியுமா? பைல் எங்களோடு லிஸ்பனில் இறங்கியது.

வழிகாட்டியின் பெயர் லூசியா. முப்பத்தைந்து வயதிருக்கும். வானை ஓட்டுவதும் அவர்தான், சரித்திரம் சொல்வதும் அவர்தான். வளைவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு அரசர்களைப் பற்றிச் சொல்வார். மலர் முன்சீற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். முதல் நாள் எல்லாரும் ஏன் வந்தோம் என்று சொல்லவேண்டுமாம். "உங்கள் ஆட்கள் எங்கள் யாழ்ப்பாணத்தை நாற்பது வருடம் ஆண்டார்கள். எங்கள் பெரிய கோயிலை இடித்தார்கள். அவர்களுடைய வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தோம்," என்று சொன்னேன். லூசியா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எல்லாக் கதவையும் திறந்து காட்டுகிறேன்," என்றார்.

குழுவில் டொரத்தி என்று ஒருவர். கிங்ஸ்ரனில் பள்ளி அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபது வயது, நேரான முதுகு. யாராவது இரண்டு நிமிடம் பிந்தினால் தன் மணிக்கூட்டை விரலால் தட்டுவார், ஒன்றும் சொல்லமாட்டார். மற்ற ஐந்து பேரும் அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான், நான் ஏன் பொய் சொல்லவேண்டும்?

லிஸ்பனில் இருந்து எவோரா. மதில் சூழ்ந்த பழைய நகரம். வெள்ளைச் சுவர்கள், ஒடுங்கிய தெருக்கள், நடுவில் ரோமர் காலத்துக் கோயில் ஒன்றின் தூண்கள். அந்தக் கோயில் எப்படி இடிபடாமல் தப்பியது என்று கேட்டேன். பல நூறு வருடம் அதை இறைச்சிக்கடையாக வைத்திருந்தார்களாம். சுவர் வைத்து அடைத்து, உள்ளே மாடு வெட்டினார்களாம். உள்ளூர்க் கோயிலுக்கே அந்தக் கதி. கோயில் வாசலில் என்னைக் கேட்டவருக்கு இதையாவது சொல்லியிருக்கலாம்.

அதே ஊரில் மனித எலும்புகளால் சுவர் கட்டிய ஒரு சிற்றாலயமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான எலும்புகள், மண்டையோடுகள். மலர் வாசற்படியோடு நின்றுவிட்டாள். "செத்த வீட்டுக்குள்ளை பைலைக் கொண்டு வரமாட்டன்," என்றாள். நான் பார்த்துவிட்டு வர அரை மணித்தியாலம். வெளியே வெய்யிலில் பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். தோள்மூட்டைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அதைக் கண்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நாளைக்கு மொன்சராஸ் எண்ட மலையூருக்குப் போறம். ஏத்தம். உந்தப் பைலை அறையிலை வைச்சிட்டு வாரும். இல்லாட்டி நீர் போம், நான் வரேல்லை," என்று சொல்லிவிட்டேன்.

மலர் கொஞ்சம் யோசித்தாள். "நீங்களே ஒளிச்சு வையுங்கோ. ஒருத்தரும் எடுக்கேலாத இடத்திலை வைச்சால் விட்டிட்டு வாறன்."

அடுத்தநாள் காலை அவள் சாப்பிடக் கீழே இறங்கியதும் நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் மெத்தைக்குக் கீழே வைத்தேன். விரிப்பு மாற்ற வருபவர் கண்டுவிடுவாரே? எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். கீழே நின்று பார்த்தால் பச்சை விளிம்பு தெரிந்தது. மூன்றாவதாக ஓர் இடம் பார்ப்பதற்குள் கீழே வான் ஹோர்ன் அடித்தது. டொரத்தி மணிக்கூட்டைத் தட்டுவது என் மனக்கண்ணில் தெரிந்தது. அவசர அவசரமாக இறங்கி ஓடினேன்.

மொன்சராஸ் அருமையான இடம். மதிலில் ஏறி நின்றால் எல்லை தாண்டி ஸ்பெயின் தெரியும். கைவீசி நடந்த மலரைப் பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னேரம் அறைக்கு வந்ததும் கேட்டாள், "பைல்?"

"பத்திரமாய் இருக்கு."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. பெட்டி பூட்டும்போது கேட்டாள், "எல்லாம் எடுத்தாச்சோ?"

"ஓம்," என்றேன்.

கல்யாணமான ஆண்கள் சொல்லும் ஓமில் பாதிக்கு மேல் காது கேட்காமல் சொல்லும் ஓம்தான். பெண்சாதி கேள்வியை முடிக்கமுதல் வாய் தானாகச் சொல்லிவிடும். இருபத்தைந்து வருடப் பயிற்சி.

எவோராவில் இருந்து தொமார் மூன்று மணித்தியால ஓட்டம். மேட்டில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் பழைய துறவிகளின் பெரிய மடம். கல்லில் கயிறும் பாசியும் செதுக்கிய ஒரு ஜன்னலைப் பார்க்கத்தான் உலகம் எல்லாம் அங்கே வருகிறது. ஏற்றத்தில் பாதியில் மலர் நின்றாள்.

"இஞ்சேருங்கோ... எனக்கு மூச்சு வாங்கேல்லை."

"அது நல்லதுதானே?"

"பை பாரமில்லை." பையைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பைல் உங்கடை பெட்டிக்குள்ளையே?"

அதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது? இல்லை என்று சொன்னேன்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. அந்த இடத்திலேயே ஒரு கல்லில் இருந்துவிட்டாள். "அம்மாவுக்கு என்னத்தைச் சொல்லுவன்?" என்று மட்டும் கேட்டாள். என் வாழ்க்கையில் என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் என்று நினைத்த நாட்கள் இரண்டு மூன்றுதான். அதில் இதுவும் ஒன்று.

லூசியாவிடம் செங்கல் அளவில் ஒரு செல்போன் இருந்தது. எவோரா விடுதிக்கு எடுத்தார். விடுதிக்காரி நல்ல மனுசி, ஆனால் அவருக்கு ஆங்கிலம் அரையும் குறையும். வைத்த இடத்தை நானே நேரே சொல்லட்டும் என்று லூசியா போனை என்னிடம் தந்தார். உடுப்பு வைக்கிற பெட்டகத்துக்கு மேலே பாருங்கள் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் விளங்கவில்லை. பொறுமை போய், "அலுமாரி, அலுமாரி," என்று தமிழில் சொன்னேன். உடனே விளங்கிவிட்டது. அவர்கள் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன சொல்தானே? ஆனால் அலுமாரிக்கு மேலே ஒன்றும் இல்லையாம். மெத்தைக்குக் கீழேயும் இல்லையாம். அறை கூட்டியாகிவிட்டது, பின்னேரம் வேறு ஆட்கள் வருகிறார்களாம்.

"வேறு எங்கே வைத்தீர்கள்?" என்று லூசியா கேட்டார்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அலுமாரியில் இருந்து திரும்ப எடுத்தது மட்டும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. படியில் இறங்கி ஓடியது ஞாபகம். இடையில் வெறும் வெள்ளை.

மடத்து வாசலில் இருந்த சின்னக் கபேயில் எட்டுப் பேரும் கூடிவிட்டோம். லூசியா நேர்மையாகச் சொன்னார். ஆறு பேரின் பயணத்தைக் குழப்பித் தன்னால் வானைத் திருப்ப முடியாது. வேண்டுமானால் எங்கள் இருவரையும் ஸ்டேசனில் விடுகிறேன், எவோராவுக்குப் போய்த் தேடிவிட்டு முடிந்தால் வந்து சேருங்கள் என்றார். எல்லாரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் கோப்பைக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

நான் போகத் தயாராக எழும்பினேன். மலர் கையைப் பிடித்து இருத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. ஊரிலை சங்கக்கடையிலை அரிசி, சீனி எடுக்கிற கூப்பன் காட்டை எங்கை வைக்கிறனீங்கள்?"

"இப்ப அதே முக்கியம்?"

"சொல்லுங்கோவன். எங்கை வைக்கிறனீங்கள்?"

"சாமிப் படத்துக்குப் பின்னாலை."

"அந்த அறையிலை கட்டிலுக்கு மேலை ஒரு படம் தொங்கினதெல்லே?"

சொன்னால் நம்பமாட்டீர்கள். அவள் அப்படிச் சொன்னதும் என் கையில் அந்தச் சட்டத்தின் பாரம் வந்தது. பிள்ளையைக் கையில் ஏந்திய துறவி ஒருவரின் படம். சரித்து, பைலைச் செருகி, நேராக்கிவிட்டு ஓடியிருக்கிறேன்.

எங்கள் வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் என்னதான் இல்லை? சாதகம், கரண்ட் பில், லொத்தர் ரிக்கற், மாப்பிள்ளையின் போட்டோ... வீட்டைச் சோதிக்க வருகிறவன் எதைப் புரட்டினாலும் சாமியைப் புரட்டமாட்டான் என்ற நம்பிக்கை. கை தன்பாட்டில் பழகின வேலையைச் செய்துவிட்டது. மூளைக்கு அறிவிக்கவில்லை.

லூசியா மறுபடி போன் எடுத்தார். இரண்டு நிமிடம் காத்திருந்தோம். பிறகு அந்தப் பக்கத்தில் விடுதிக்காரி சிரிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. லூசியாவும் சிரித்தார்.

"அது புனித அந்தோனியார். ஏதாவது தொலைந்தால் எங்கள் சனம் அவரிடம்தான் கேட்கும். அவருக்குப் பின்னாலேயே கொண்டுபோய் ஒளித்த முதல் ஆள் நீங்கள்தான்."

சரி, கிடைத்தாயிற்று. எப்படி எடுப்பது?

டொரத்தி முதன்முதலாக வாய் திறந்தார். கூரியரில் போடச் சொல்லுங்கள், இன்சூரன்ஸோடு, கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கவேண்டும் என்று எழுதிப் போடச் சொல்லுங்கள் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நான் டவுன்ரவுனில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிக்கிறவன். கூரியரின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கூரியர் திங்கட்கிழமைதான் எடுப்பான். செவ்வாய்க்கிழமை நாங்கள் போர்ட்டோவில் பிளேன் ஏறவேண்டும்.

மலர் லூசியாவைக் கேட்டாள். "நாளைக்கு நாங்கள் கொயிம்பிராவில்தானே நிற்போம்? எவோராவில் இருந்து அங்கே பஸ் வருமா?"

"ஒன்று வரும். பகல் இரண்டு மணிக்கு."

"அப்படியென்றால் டிரைவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்."

டொரத்தி கோப்பையை வைத்துவிட்டார். யார் என்று தெரியாத ஒரு பஸ் டிரைவரிடமா? மூலப் பத்திரத்தையா? ரசீது யார் தருவார்? அவர் மறந்துபோனால்? அதிபரின் குரல் முழுவதும் வெளியே வந்துவிட்டது. நானும் அவர் பக்கம்தான். பாங்க் லொக்கரை நம்பாதவள், பெற்ற மகளை நம்பாதவள், முன்பின் காணாத ஒரு போர்த்துக்கேய டிரைவரை நம்புகிறாளாம்.

"உமக்கென்ன விசரே?" என்று தமிழில் கேட்டேன்.

"நீங்கள் முந்தி வந்தபிறகு, நான் கனடாவுக்கு வெளிக்கிடேக்கை இந்தச் சேட்டிபிக்கற் எப்பிடிக் கொழும்புக்கு வந்தது எண்டு நினைக்கிறியள்? றெயின் இல்லை, தபால் இல்லை. அம்மா றோட்டிலை நிண்டு, கொழும்புக்குப் போற லொறி ஒண்டை மறிச்சு, றைவரிட்டைக் குடுத்து விட்டவ. அவன்ரை பேரும் அவவுக்குத் தெரியாது. நாலாம் நாள் நான் நிண்ட லொட்ஜிலை கொண்டுவந்து தந்தவன். எத்தினை ஆமிச் சென்றி தாண்டி வந்திருப்பான்? பாங்க் எண்டால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? றைவர் எண்டால் ஒரு ஆள். ஆளின்ரை கையிலை குடுத்தால் வரும்."

இந்தக் கதையை இருபத்தைந்து வருடத்தில் எனக்கு அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

லூசியா தோளைக் குலுக்கினார். "இதில் என்ன? என் அம்மா ஊரிலிருந்து எனக்கு இறைச்சியும் சீஸும் அப்படித்தான் அனுப்புவார்." போனை எடுத்து விடுதிக்காரியிடம் விசயத்தைச் சொன்னார். அவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

அன்றைக்கு மலர் நன்றாக நித்திரை கொண்டாள். நான்தான் புரண்டுகொண்டு கிடந்தேன்.

அடுத்தநாள் கொயிம்பிரா. மலையுச்சியில் பழைய பல்கலைக்கழகம், அதற்குள் தங்கப்பூச்சுப் பூசிய ஒரு நூலகம். புத்தகத்தை அரிக்கிற பூச்சிகளைத் தின்ன, உள்ளே வௌவால்களை விட்டு வைத்திருக்கிறார்களாம். மற்ற ஆறு பேரையும் பல்கலைக்கழக வழிகாட்டி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, லூசியா எங்களோடு பஸ் ஸ்ராண்டுக்கு வந்தார். புறப்படும்போது டொரத்தி என்னைப் பார்த்து மணிக்கூட்டைத் தட்டினார். பிந்தாதே என்று அர்த்தம்.

இரண்டு மணி ஆயிற்று. பஸ் இல்லை. இரண்டேகால். இரண்டரை. போர்ட்டோ பஸ் வந்தது, லிஸ்பன் பஸ் போனது. என் மண்டைக்குள் என்னென்னவோ ஓடியது. டிரைவர் மாறியிருப்பானோ? வழியில் யாரும் இறங்கும்போது சேர்த்துக் கொண்டுபோயிருப்பார்களோ? கொழும்பில் மாமி வெறுங்கையோடு அதிகாரிக்கு முன்னால் நிற்பதை நினைத்தேன். எழுபத்திரண்டு வயது மனுசி. என்னுடைய ஒரு ஓமால் வந்த வினை.

மலர் பஸ் திரும்பி வருகிற மூலையைப் பார்த்தபடி நின்றாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கையில் ரொறன்ரோவில் இருந்து கொண்டுவந்த மிக்சர் பைக்கற் ஒன்று. வருகிறவருக்குக் கொடுக்கவாம்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னர் பஸ் வந்தது. சனம் இறங்கியது. கடைசியாக டிரைவர் இறங்கினார். மீசை, பெரிய வயிறு, கண்ணில் நித்திரைக் களை. கையில் கடைக்காரர் பாண் சுற்றுகிற தாளில் சுற்றி, நூலால் நாலு பக்கமும் கட்டிய ஒரு பொதி. மலர் அவசரமாகப் பாஸ்போர்ட்டை எடுத்து, பெயர் இருக்கும் பக்கத்தை விரித்து நீட்டினாள். எங்களுக்கு அது கைப்பழக்கம். யாராவது முன்னால் வந்து நின்றால் கடதாசியைக் காட்டுவோம்.

அவர் பாஸ்போர்ட்டைப் பார்க்கவேயில்லை. பொதியை அவள் கையில் வைத்துவிட்டு லூசியாவிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?" என்றேன்.

"மூலை திரும்பும்போதே ஆள் யார் என்று தெரிந்துவிட்டதாம். பாஸ்போர்ட்டை உள்ளே வைக்கட்டாம்."

மலர் அந்த இடத்திலேயே, பஸ் ஸ்ராண்டு நடுவில் நின்று அழுதாள். முதல்நாள் எல்லாம் அடக்கி வைத்திருந்ததை அழுது தீர்த்தாள். எனக்கும் கண் கலங்கித்தான் போனது. டிரைவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் மிக்சர் பைக்கற்றைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டார். உறைப்பு ஏறியதும் அவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

ஹொட்டேல் வாசலில் டொரத்தி நின்றுகொண்டிருந்தார். "வந்ததா?" என்றார். மலர் பைலைத் தூக்கிக் காட்டினாள். டொரத்தி மூச்சை விட்டார். "அந்த நூலகம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு போர்ட்டோ. ஆறு, இரும்புப் பாலம், அடுக்கடுக்காக வீடுகள், கரை முழுவதும் வைன் கிடங்குகள். மலர் படகிலும் பைலை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் திருந்தவில்லை.

ரொறன்ரோ வந்த கிழமையே கொழும்புக்குப் போகிற ஒருவரைத் தேடிப் பிடித்தோம். மலர் அவரை இரண்டு கல்யாண வீட்டில் கண்டிருக்கிறாளாம், அவ்வளவுதான். கூரியரில் போடுங்கள் என்று மகள் கத்தினாள். மலர் அவர் கையில் கொடுத்தாள். அவர் கொழும்பில் இறங்கி, வீட்டுக்குப் போகமுதல், நேரே மாமியின் அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

இன்டர்வியூ முடிந்தது. விசாவும் வந்துவிட்டது. மாமி போனில் எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னார். அதிகாரி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம், முன்னும் பின்னும் திருப்பினாராம். இது ஏன் இவ்வளவு கசங்கியிருக்கிறது என்று மொழிபெயர்க்கிறவர் மூலம் கேட்டாராம்.

"நான் சொன்னன், 'இது கன பேரின்ரை கையாலை வந்த கடதாசி தம்பி. ஒருத்தரும் துலைக்கேல்லை' எண்டு," என்றார் மாமி.

மாமி வருகிற சனிக்கிழமை வந்து இறங்குகிறார். கோயில், கடை, கல்யாண வீடு என்று எங்கேயாவது கண்டால் தாராளமாகக் கதையுங்கள்... எவோராவைப் பற்றி மட்டும் மூச்சு விட்டிடாதேங்கோ.